பழைய ரம்பமும் என் இடது கையும்

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஒரு சாண் உயரம், வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்கே அவள்தான் தலைமை. இருந்தாலும் கடைசியாகப் பிறந்த பாவத்துக்கு இன்னும் குட்டிதான். நான் அவளுக்கு அண்ணி. தையல்கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, பேன்ட் உயரம் குறைப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது என்று எது வந்தாலும் தைப்பேன்.

நாத்தனாரும் அண்ணியும் நகைக்கோ சொத்துக்கோ சண்டை போட்டால் யாருக்கும் புரியும். நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது மரம் அறுக்கிற மேசை ரம்பத்துக்காக. பழசு வாங்குவதா, புதுசு வாங்குவதா என்று.

முதலில் எங்களுக்கு ரம்பம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஓட்டுகிறவருக்குச் சொந்தமாகக் கார் வாங்கும் ஆசையே வந்ததில்லை. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட வலது கால் பிரேக் மிதித்துக்கொண்டிருக்கும் மனிதர் அவர். அதனால் வீட்டோடு வந்த கார் ஷெட்டில் பழைய பெட்டிகளும் எலிகளும் குடியிருந்தன. குட்டி கணவரைப் பிரிந்து எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தபோது, அவளுடைய அலமாரி ஒன்றும் கூடவே வந்தது. வந்த வேகத்தில் அதன் கதவு கழன்று என் காலில் விழுந்தது.

தச்சரைக் கூப்பிட்டோம். நாளை என்றார், நாளை மறுநாள் என்றார், அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஒரு கதவுக்கு இவ்வளவு பிகுவா? கொண்டா அந்த ஸ்க்ரூ டிரைவரை" என்று ஷெட்டில் இறங்கினேன். குட்டியும் பின்னாலேயே இறங்கினாள். கதவு சரியானது. அப்புறம் ஒரு ஸ்டூல். அப்புறம் ஒரு செருப்பு அலமாரி. அது கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து நிற்கும், செருப்புகளுக்கு அது தெரியாது. அதற்கு முன்னால் நாங்கள் இருவரும் "சாப்டியா", "தண்ணி வருதா" என்பதைத் தாண்டி எதுவும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மரத்தூளுக்கு நடுவில்தான் அவள் தன் கல்யாணம் ஏன் முறிந்தது என்று சொன்னாள். நானும் என் மாமியாரைப் பற்றி, அதாவது அவள் அம்மாவைப் பற்றி, மனதில் வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். அவள் கோபிக்கவில்லை. "இன்னும் ரெண்டு விஷயம் விட்டுட்டீங்க அண்ணி" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்ததாக என் கடைக்குத் துணி வெட்டுகிற பெரிய மேசை ஒன்று செய்வதாகத் திட்டம். அதற்கு நீள நீளமான பலகைகள் நேராக அறுபட வேண்டும். கையில் பிடிக்கிற ரம்பத்தில் ஒரு முழம் நேராகப் போகும், அப்புறம் அதற்குத் தோன்றிய பக்கம் போகும். துணி என்றால் தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். மரத்தில் பிரிப்பது என்ற பேச்சே இல்லை. ஆகவே நடுவில் வட்ட ரம்பம் நீட்டிக்கொண்டு சுழலும் மேசை ரம்பம் வாங்குவது, ஆளுக்குப் பாதி போடுவது என்று முடிவு செய்தோம்.

"அது பேரு என்ன?" என்றார் என் கணவர்.

"டேபிள் சா" என்றாள் குட்டி.

"பேர்லயே சா இருக்கு. ரெண்டு பேரும் பாத்து செய்யுங்க" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய்ப் பிரேக் மிதிக்க உட்கார்ந்துவிட்டார்.

பழைய மெஷினைக் கண்டுபிடித்தது நான். ஜன்னல் சட்டம் செய்கிற பட்டறை ஒன்று மரத்தை விட்டு அலுமினியத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அங்கே விற்பனைக்கு வைத்திருந்தார்கள். ஒரு ஞாயிறு இருவரும் போனோம். பட்டறைக்காரர் குள்ளமான, கலகலப்பான மனிதர். பார்த்தவுடன், "வாங்கம்மா, வீட்டுக்காரர் வரலையா?" என்றார்.

"அவருக்கு மெஷின் பத்தித் தெரியாது. எங்களுக்குக் காட்டுங்க" என்றேன்.

மெஷின் பட்டறையின் மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. தார்ப்பாயை விலக்கியதும் எனக்கு மனசு அங்கேயே விழுந்துவிட்டது. மேல்தளம் முழுக்க வார்ப்பிரும்பு. என் கடையில் இருக்கிற பழைய தையல் மெஷினும் அதே ஜாதிதான். இடித்தால் நமக்குத்தான் வலிக்கும். அவர் ஒரு நாணயத்தை மேல்தளத்தில் நிமிர்த்தி நிறுத்திவிட்டு ஸ்விட்சைப் போட்டார். ரம்பம் சுழன்றது, நாணயம் அப்படியே நின்றது. நான் என் கைப்பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து மேல்தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பார்த்தேன். அடியில் ஒரு நூல் நுழைய இடமில்லை. பலகை ஒட்டிப் போக வேண்டிய இரும்புச் சட்டம் எங்கே நிறுத்தினாலும் ரம்பத்துக்கு நேராகவே நின்றது. அவர் அறுத்துக் காட்டிய பலகையின் ஓரத்தைத் தடவினேன். இஸ்திரி போட்ட மடிப்பு மாதிரி இருந்தது.

குட்டி இதை எதையும் பார்க்கவில்லை. குனிந்து ரம்பத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பின்னாடி ஒரு தகடு இருக்கணுமே?"

"இருந்துச்சும்மா. வேலைக்கு இடைஞ்சல்னு வாங்கின புதுசுலயே கழட்டிட்டோம். எங்கே போச்சோ."

"மேல மூடி?"

"அதுவும் அப்படித்தான்."

"திரும்ப வாங்கிப் போட முடியுமா?"

"இந்த மாடல் வர்றதே நின்னு போச்சு. இத்தனை வருஷம் ஓட்டிருக்கேன், பாருங்க" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பத்து விரல்களும் இருந்தன.

"பாத்தியா?" என்றேன் குட்டியிடம்.

மறுவாரம் அவள் என்னைப் பெரிய கடை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு, ஏசி, டை கட்டிய விற்பனையாளர் எல்லாம் இருந்தன. புது மெஷின் பளபளவென்று இருந்தது. ரம்பத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய தகடு நின்றது. அறுபட்ட பலகை மூடிக்கொண்டு ரம்பத்தைப் பிடிக்காமலும், பின்பக்கத்துப் பற்கள் பலகையைக் கவ்வி நம் மேலேயே திருப்பி அடிக்காமலும் அது காப்பாற்றுமாம். ரம்பத்துக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு மூடி. முழங்காலால் தட்டினாலே நிற்கிற சிவப்பு ஸ்விட்ச். எல்லாம் சரி. ஆனால் நான் மேல்தளத்தின் ஓரத்தைப் பிடித்து ஆட்டினேன், மெஷினே ஆடியது. ஸ்கேலை வைத்தேன், நடுவில் மெல்லிசாக வெளிச்சம் தெரிந்தது. சட்டத்தை நகர்த்திப் பூட்டினேன், பின்பக்கம் ஒரு நூல் அளவு விலகி நின்றது.

"இது விலகியிருக்கே" என்றேன்.

விற்பனையாளர் குனிந்து பார்த்து, "எனக்கு நேராத்தான் தெரியுது மேடம்" என்றார்.

"உங்களுக்குத் தெரியும். என் மேசைக்குத் தெரியாது."

விலையைக் கேட்டதும் எனக்கு இன்னும் கண்ணைக் கரித்தது. பழசு இதில் பாதிகூட இல்லை. வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில், அதுவும் என் கணவர் ஓட்டாத பஸ்ஸில், நாங்கள் ஆரம்பித்தோம்.

"புதுசு கொஞ்சம் ஆடுது, ஒத்துக்கிறேன்" என்றாள் குட்டி. "அடியில கனமா ஒரு பெட்டி செஞ்சு போல்ட் போட்டா நின்னுடும். சட்டத்தையும் திருகிச் சரி பண்ணிக்கலாம். பழசுல இல்லாததை நாம எங்க போய் வாங்குறது?"

"அந்த ஆளு பத்து விரலையும் காட்டினானே, நீ பாக்கலையா?"

"என்கிட்ட அடிபட்ட கையோட வர்றவங்க எல்லாரும் முந்தின நாள் வரைக்கும் பத்து விரலைக் காட்டினவங்கதான் அண்ணி. நான் தினம் பாக்குறேன். படத்துல எலும்பு மட்டும்தான் தெரியும். வெளியில உட்கார்ந்திருக்கிற வீட்டு ஆளுங்க முகம் எனக்குத்தான் தெரியும். உங்களுக்கு ஒரு விரல் போனா கடை என்ன ஆகும்?"

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருஷமாக மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். ஊசி நிமிஷத்துக்கு எத்தனை தடவை இறங்குகிறது என்று கணக்கே கிடையாது. என் விரல் எப்போதும் அதற்கு ஒரு அரிசி தூரத்தில்தான் இருக்கும். ஒரு தடவைகூட ஊசி ஏறியதில்லை. தையல்காரிகளில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் எத்தனை பேர்? என் கையைப் பற்றி எனக்கே பாடம் எடுப்பதற்கு எக்ஸ்ரே எடுக்கிறவள் யார்?

"என் கை எனக்குத் தெரியும்" என்றேன். "உனக்கு ஷோரூம் பளபளப்புல ஆசை. மாசச் சம்பளம் வர்றவங்களுக்கு எதையும் புதுசா வாங்கித்தான் பழக்கம். அதை நேரா சொல்லேன், எதுக்கு என் விரலை இழுக்குற?"

அவள் முகம் சுண்டிப்போனது. நான் வாயை அங்கேயே மூடியிருக்கலாம். மூடுகிற ஜாதி நானில்லை. "பழசுதான். நீ பாதி போடலைன்னாலும் பரவாயில்ல, முழுசா நானே போட்டுக்கிறேன்" என்றேன்.

"போட்டுக்கோங்க. அது ஷெட்டுக்கு வந்தா நான் கீழ இறங்க மாட்டேன்."

மெஷின் வரும் முன்பே, அடுத்த ஞாயிறு அவள் இறங்கவில்லை. நான் தனியாக ஷெட்டில் ஒரு கட்டையை மணல்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே அவள் நடமாடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வரைக்கும் வந்து நின்று திரும்பிப் போனது. கட்டையைத் தேய்த்துத் தேய்த்து வேண்டிய அளவுக்கும் கீழே கொண்டுபோய்விட்டேன். அவள் இல்லாமல் அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டால், அதற்கு நான் வேறு ஒருத்தியாகப் பிறந்திருக்க வேண்டும். பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, வருகிற ஞாயிறு மெஷினை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

நடுவில் ஒரு நாள் சாயங்காலம் குட்டி என் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பேன்ட். ரெண்டு அங்குலம் குறைக்க வேண்டும் என்றாள். என்னைவிட ஒரு சாண் உயரமானவளுக்குப் பேன்ட் எங்கே நீளமாக இருக்கப்போகிறது? சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து, கெத்தாகவே வாங்கி மெஷினில் அடித்தேன். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசியின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்த இடது கை எதுக்கு ஊசிக்குப் பின்னாடி போகுது?"

"எந்தக் கை?"

"இதோ, இது."

குனிந்து பார்த்தேன். ஊசிக்கு முன்னால் வலது கை துணியைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஊசிக்கு அந்தப் பக்கம் இடது கை தைத்த துணியை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தது.

"பின்னாடி இழுத்துக் குடுக்கலைன்னா துணி சுருங்கிடும். எல்லாரும் இப்படித்தான் தைப்பாங்க. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"சும்மா கேட்டேன்" என்றாள். பேன்ட்டை வாங்கிக்கொண்டாள். போகும்போது என் மேசை மேல் இருந்த சாக்பீஸ் டப்பாவைத் திறந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்த மாதிரி இருந்தது. துணியில் கோடு போட நான் வெள்ளையைத்தான் எடுப்பேன். சிவப்பு போனால் போகட்டும் என்று கண்டுகொள்ளவில்லை.

ஞாயிறு வந்தது. என் கணவர் டெப்போ நண்பரிடம் ஒரு சின்ன லாரியை இரவல் வாங்கி வந்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்தில் குட்டி இருந்தாள்.

"கீழ இறங்க மாட்டேன்னு சொன்னே?"

"ஷெட்டுல இறங்க மாட்டேன்னேன். லாரியில ஏற மாட்டேன்னு சொல்லலையே."

பட்டறையில் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். தூக்குவதற்கு இரண்டு ஆட்களும் நின்றார்கள். குட்டி பட்டறைக்காரரிடம் போய், "ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. ப்ளக்கைப் பிடுங்கிடுங்க" என்றாள். அவர் பிடுங்கினார். அவள் கைப்பையிலிருந்து என்னுடைய சிவப்பு சாக்பீஸை எடுத்து, ரம்பத்தின் பற்களில் சுற்றிலும், முக்கியமாகப் பின்பக்கம், அழுத்தித் தேய்த்தாள்.

"என்ன கூத்து இது?" என்றேன்.

"மெஷின் ஓடாது. நீங்க அறுக்கிற மாதிரி அறுங்க, அவ்வளவுதான். கை சுத்தமா இருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். பாதியும் போடுறேன்."

ஏற்கெனவே நீளவாக்கில் இரண்டாக அறுத்த பலகை ஒன்றைப் பட்டறைக்காரர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு துண்டுகளையும் ரம்பத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்து, ஒரே பலகை என்று நினைத்துக்கொண்டு தள்ள வேண்டியது. சிரிப்பாக இருந்தது. பொம்மைக் கல்யாணம் மாதிரி. என் கணவர், தூக்க வந்த ஆட்கள், பட்டறைக்காரர் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நானும் கொஞ்சம் ஜம்பமாகவே நின்று, பலகையை இரும்புச் சட்டத்தோடு ஒட்டி, நிதானமாகத் தள்ளி முடித்தேன். ஒரு நூல்கூட விலகவில்லை.

"ம்?" என்றேன்.

"கையைக் காட்டுங்க."

வலது கையைக் காட்டினேன். சுத்தமாக இருந்தது. இடது கையை விரித்தேன். மூன்று விரல் நுனியிலும் சிவப்பு.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவே இல்லை. "பலகையை வைக்கும்போது பட்டிருக்கும்" என்றேன்.

"இருக்கலாம். கழுவிட்டு வாங்க."

கழுவிவிட்டு வந்தேன். இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்ட மாதிரி இடது கையையே பார்த்தேன். அதை ரம்பத்துக்கு முன்னாலேயே அழுத்தி வைத்தேன். பாதி பலகை போகிற வரைக்கும் அசையவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியில் வலப்பக்கத் துண்டு லேசாக விலகப் பார்த்தது. அது சட்டத்தோடு நேராகப் போகிறதா என்று ஒரு கணம் கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோனேன். திரும்பிப் பார்த்தபோது என் இடது கை ரம்பத்துக்குப் பின்னால் இருந்தது. இடப்பக்கத் துண்டைப் பிடித்து மெதுவாக, சுருங்காமல், இழுத்துக்கொண்டிருந்தது.

நான் கையை எடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை உள்ளங்கை ஓரம் வரைக்கும் சிவப்பு.

பயந்துபோனேன். ரம்பத்தைப் பார்த்து இல்லை, அது ப்ளக் இல்லாமல் சும்மா நின்றது. என் கையைப் பார்த்துப் பயந்தேன். நான் போகச் சொல்லவில்லை, போகாதே என்று சொல்லியிருந்தேன், அது போயிருக்கிறது. முப்பது வருஷமாக எனக்குச் சோறு போட்ட கை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பழகிடும்மா" என்றார் பட்டறைக்காரர். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். "ஒரு மாசம் ஓட்டினா கை தானா பழகிடும்."

"பழகினதுதாங்க பிரச்சினை" என்றேன்.

பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது என்பதால் மரத்தூள் கண்ணில் விழுந்த மாதிரி தேய்த்துக்கொண்டேன். அதில் கன்னமெல்லாம் சிவப்பானதுதான் மிச்சம். என் கணவர் வந்து பக்கத்தில் குந்தினார்.

"சோபாவுல உட்கார்ந்து நான் பிரேக் போடுறேனே, எத்தனை தடவை திட்டிருக்கே? நின்னுச்சா? இதுவும் அப்படித்தான். அங்க பிரேக் இல்லாததால ஒண்ணும் ஆகல. இங்க ரம்பம் இருக்கு."

அவர் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. குட்டி ஒன்றுமே சொல்லவில்லை. நான்தான் சொன்னேன் இல்லையா என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் அந்தப் பழசையே வீம்புக்கு வாங்கியிருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள், அவ்வளவுதான்.

பட்டறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். வீணாக அலைக்கழித்ததற்கு அவர் கோபிக்கவில்லை. அந்த மெஷினை அப்புறம் ஒரு தச்சர் வாங்கிப்போனாராம். கேட்டபோது வயிற்றெரிச்சலாக இருந்தது. இப்போதும் சொல்கிறேன், மெஷின் என்றால் அதுதான் மெஷின். எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

புதுசு வந்தது. மறுபடியும் ஆளுக்குப் பாதி. கொண்டுவந்த அன்றே அதன் அடியில் கனமான பெட்டி ஒன்று செய்து போல்ட் போட்டோம். இரும்புச் சட்டத்தை நான் என் ஸ்கேலை வைத்து, திருகைக் கால் சுற்று அரைச் சுற்று என்று திருகி நேராக்கினேன். அதில் மட்டும் குட்டி தலையிடவில்லை. பிறகு எனக்கு ஒரு கனத்த துணி ஏப்ரன் தைத்துக்கொண்டேன். இடது இடுப்பில் ஒரு வளையம் வைத்தேன். பலகை பாதி தாண்டியதும் இடது கை வந்து கட்டைவிரலை அந்த வளையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், மிச்சத்தை வலது கையில் இருக்கும் தள்ளுகட்டை பார்த்துக்கொள்ளும். இது நாங்கள் போட்ட சட்டம்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆரம்பிக்கும் முன்னால் குட்டி ரம்பத்து மூடியின் வெளிப்புறத்தில் சிவப்பு சாக்பீஸைப் பூசிவிடுவாள். முடிந்ததும் கையை நீட்டச் சொல்வாள், பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கிற மாதிரி. முதல் சில வாரங்கள் சிவப்பு இருந்தது. கை போய் மூடியில் இடித்துத் திரும்பியிருக்கிறது. மூடி இல்லாத மெஷினில் அது எங்கே போயிருக்கும் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு விரலில் மட்டும் இருந்தது. அப்புறம் ஒரு ஞாயிறு, மேசைக்கான கடைசிப் பலகையை அறுத்து முடித்து இரண்டு கைகளையும் நீட்டினேன். குட்டி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. என் கையைப் பிடித்தவள் உடனே விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

வெட்டு மேசை கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆடவில்லை, சாயவில்லை. வருகிறவர்களிடம் எல்லாம் நாங்கள் செய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மேசையில் முதலில் வெட்டியது ஒரு பெரிய திரைச்சீலைத் துணி. வெட்டி, மடித்து, மெஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்தேன். எடுத்து விரித்துப் பார்த்தால் ஓரம் முழுக்கச் சுருக்கம். தையல் பழகுகிற பெண்கூட இப்படி அடிக்க மாட்டாள். நூல் இறுக்கமா என்று பார்த்தேன், பாபினைக் கழற்றிப் பார்த்தேன், ஊசியை மாற்றினேன். திரும்ப அடித்தேன். திரும்பவும் சுருக்கம். அப்புறம்தான் குனிந்து பார்த்தேன்.

ஊசிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. இடது கை என் இடுப்பில் சமர்த்தாக உட்கார்ந்து, இல்லாத வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

வந்த கோபத்துக்கு அந்தக் கையை வலது கையால் ஓர் அடி அடித்தேன். உடனே குட்டிக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் வேலை நேரம், இருந்தாலும் எடுத்தாள்.

"உன் மெஷின் என் தொழிலையே கெடுத்துடுச்சு! ஓரம் பூரா சுருக்கம். இந்தக் கை ஊசிக்குப் பின்னாடி போகவே மாட்டேங்குது. முப்பது வருஷம் போன கை!"

அந்தப் பக்கம் யாரோ ஒருவரை மூச்சை அடக்கி அசையாமல் நிற்கச் சொல்கிற குரல் தூரத்தில் கேட்டது.

"அண்ணி, கை இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்போ பிரிச்சுத் தைங்க."